மூடக்கூடாத துளை

அந்தக் கடையின் ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'டக்' என்று தட்டியது. எழுந்து போய் நிறுத்திவிடலாமா என்று மாசிலாமணிக்குக் கை பரபரத்தது. பிறத்தியார் கடை, பிறத்தியார் ஃபேன், போதாக்குறைக்குப் புரட்டாசிப் புழுக்கம். நிறுத்தி என்ன ஆகப்போகிறது, சத்தம் போகும், நெஞ்சுக்குள் தட்டுவது போகுமா? சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து உள்ளே இருந்ததை மீட்டுக் கொடுக்கிற இடம் இது. காலையில் இங்கிருந்து கடைக்காரப் பெண் ஜெசிமா போன் செய்திருந்தாள். "அய்யா, டிஸ்க்கு லேசா மூச்சு விடுது. நீங்க வந்து உக்காந்துருங்க. எத மொதல்ல எடுக்கணும்னு உங்களக் கேட்டுத்தான் செய்யணும்." மூச்சு விடுது என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் சொல்வார்கள். மூச்சு நல்லா விடறாங்க, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்வதற்கு வேறொரு டாக்டரை அனுப்புவார்கள். மாசிலாமணி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் வெள்ளைத் திரை, திரைக்குப் பின்னால் ஜெசிமா, அவள் கைக்கடியில் அந்தத் தகரப் பெட்டி, அதற்குள்ளே அவர் மனைவி செண்பகவல்லியின் குரல். உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரல். அதை அவர்தான் சந்தனம் தடவிக் கொன்றார்.

கொன்றார் என்று நினைத்ததுமே வேண்டாம், அந்த வார்த்தை வேண்டாம் என்று தலையை உதறிக்கொண்டார். கடையின் கல்லாப் பெட்டியிலும் சந்தனப் பொட்டு இருக்கிறது. பிரிண்டரில் இருக்கிறது. ஷட்டரில் மூன்று கோடு போட்டு நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார்கள். வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் போகவில்லை, கீழே நிற்கிற ஆட்டோவில் வாழைக்கன்று வாடித் தொங்குகிறது. ஊர் முழுக்கத்தான் பொட்டு வைத்தார்கள். எவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் லேத் மெஷினில் நின்றவர் அவர். ஆயுத பூஜைக்கு முதல் நாளே மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, பூஜையன்று அதைத் தொடாமல் ஓய்வு கொடுத்து, மறுநாள் விஜயதசமி காலையில் கொஞ்ச நேரமாவது ஓட்டிவிட வேண்டும். ஓட்டாத மெஷின் அந்த வருஷம் பூராவும் முரண்டு பிடிக்கும், கையைக்கூட வாங்கிவிடும். இது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஓய்வு பெற்ற பிறகு மெஷின் இல்லை, பழக்கம் மட்டும் இருந்தது. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர், அரிவாள்மணை, தேங்காய்த் துருவி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைப்பார். ஒரு தடவை மாத்திரை வெட்டுகிற கட்டருக்கும் வைத்தார். செண்பகவல்லி அவள் அறையை மட்டும் விடமாட்டாள். "சந்தனக் கிண்ணத்தோட இந்த ரூமுக்குள்ள வந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்பாள். இந்த வருஷம் அதைச் சொல்ல ஆளில்லை. ஆள் இருந்தாள், லால்குடியில் தங்கை வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அறை திறந்து கிடந்தது. மேஜையில் அந்த ஹார்டு டிஸ்க், பழைய கம்ப்யூட்டர் செத்தபோது மெக்கானிக் கழற்றிக் கொடுத்தது, உறை எதுவும் இல்லாமல் வெறும் உலோகமாக ஒரு ஸ்டாண்டில் சொருகி நின்றது. பிளாஸ்டிக் சாமான்களுக்கு நடுவில் கெட்டியாக, கனமாக, நாலு பக்கமும் திருகு போட்டு, அவருக்குப் பழக்கமான சாதியில் ஒரு பொருள். கையில் எடுத்தபோது மரியாதையே வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடி பூஜை அறையில் இருந்தது. நெற்றியில் பொட்டு வைக்கிற இடம் மாதிரி ஒரு சின்னத் துளை தெரிந்தது, அதைச் சுற்றி ஏதோ இங்கிலீஷில் அச்சடித்திருந்தான். கம்பெனிக்காரனே இடம் குறித்துக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் தாராளமாக எடுத்து அங்கே வைத்தார்.

தாராளமாக. அந்த வார்த்தையில்தான் எப்போதும் வந்து மாட்டிக்கொள்கிறது. கொஞ்சமாக வைத்திருக்கலாம். காய்ந்த சந்தனமாக வைத்திருக்கலாம். மேல்மூடியின் ஓரத்தில் வைத்திருக்கலாம். அதோடாவது விட்டாரா, மறுநாள் காலையில் குளித்துவிட்டு, ஊதுபத்தி கொளுத்திக் காட்டி, அவள் மெஷினும் இந்த வருஷம் நல்லபடியாக ஓடட்டும் என்று அதை ஸ்டாண்டில் சொருகி சுவிட்சைப் போட்டார். உள்ளே ஏதோ சுற்றுகிற ஓசை, பிறகு கிர்ரென்று ஒரு கீறல். லேத்தில் கருவி தவறி இரும்பில் உரசினால் வருமே, அந்த ஓசை. அது என்ன ஓசை என்று அவருக்குத் தெரியாமலா போகும்? உடனே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். ஒருவேளை சரியாகியிருக்குமோ என்று மறுபடி. பிறகு துணியால் துடைத்து மறுபடி. செண்பகவல்லியின் தலை உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி மறுபடி. தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசியில் போடுவார்களே என்று அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டு, காபி போட்டுக் குடித்து, எடுத்து மறுபடி. "எத்தன தடவ ஆன் பண்ணீங்கய்யா?" என்று ஜெசிமா முதல் நாள் கேட்டபோது "ரெண்டு" என்றார். அவள் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. "இதுக்கு மொத வைத்தியமே ஆன் பண்ணாம இருக்கறதுதான்யா. கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அப்படியே துணியில சுத்தி எடுத்துட்டு வந்துரணும்" என்றாள். என்ன ஆனது என்று கேட்டதற்குத் தண்ணி தெறிச்சிருச்சும்மா என்று சொல்லியிருந்தார். அவள் டிஸ்க்கைத் திருப்பி விளக்கடியில் காட்டி, உள்ளே காற்றுப் போக விட்டிருக்கும் அந்தத் துளையை உற்றுப் பார்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "சந்தனமா?" என்றாள். மாசிலாமணி மோதிர விரலை மடக்கிக்கொண்டார். "பூஜை முடிஞ்ச வாரத்துல இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு வரும்யா, நீங்க மட்டும் இல்ல" என்று அவளே சமாதானம் சொன்னாள். ஒரு அரிசிமணி வேறு வயர் சொருகுகிற இடுக்கில் மாட்டியிருந்தது, அதை இடுக்கியால் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போதும் விரல் போய் அங்கே துழாவிப் பார்த்தது. இருந்தது.

திரைக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் மட்டும் டக், டக். இது மட்டும் செண்பகவல்லி காதில் விழுந்திருக்க வேண்டும். அவளுக்கு ஃபேன் சத்தம் ஆகாது. பார்வையில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். காசு கீசு கிடையாது, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் யாரோ ஒரு பிள்ளை பரீட்சைக்கு வாசிக்க ஆளில்லாமல் வந்து நின்றான் என்று தொடங்கியது, பிறகு அதுவே அவளுக்கு முழுநேர உத்தியோகம் ஆகிவிட்டது. சொந்தப் பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்தப் பிள்ளைகள் கோலைத் தட்டிக்கொண்டு வருவார்கள், "அம்மா, ரெண்டாம் செமஸ்டர் ஆச்சாம்மா" என்று. வாங்கிப் போனதைப் பரீட்சை முடிந்ததும் அழித்துவிடுவார்கள் என்றுதான் மாசிலாமணி நினைத்திருந்தார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஃபேனை அணைத்து உட்காருவாள். வீடு ஒன்றே ஒன்று; அவளுக்கு ஃபேன் அணைந்தால் அவருக்கும் அணைந்த மாதிரிதான், கூடத்து ஃபேன் சத்தமும் மைக்கில் விழுமாம். சட்டையைக் கழற்றிப்போட்டு வேர்த்து வழிந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். தும்மக் கூடாது. செருப்பை இழுத்து நடக்கக் கூடாது. குக்கர் விசில் அடித்தால் அவர் குற்றம். அவருக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? ஆனாலும் பணவீக்கம் என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் டாக்டர் சொன்னார், தொண்டையில் குரல்வளையையே எடுத்துவிட வேண்டியிருக்கும், கட்டி அந்த இடத்தில் இருக்கிறது, ஏதாவது பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்று. வீட்டுக்கு வந்ததும் அவள் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். மாசிலாமணி ஃபேனை அணைத்துவிட்டு வாசற்படியில் காத்திருந்தார். தனக்கு ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தார், வெட்கமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்தார். அவள் இந்திய அரசியலமைப்பில் மிச்சமிருந்த பாடங்களை வாசித்து முடித்தாள். பரீட்சை வருதாம். "எனக்குன்னு ஒரு வார்த்த பேசி வெச்சிருக்கக் கூடாதா வல்லி?" என்று கேட்டேவிட்டார். அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தனியா என்னத்தப் பேச? கல்யாணம் ஆன நாள்லேருந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். இருக்கேன் என்று சொன்னாள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது அவள் கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. அந்தத் துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது, தூசி போகக் கூடாது, சோற்றுப் பருக்கை, பவுடர், பஞ்சு எதுவும் போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை அவர் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டார். அவள் குளிக்கும்போது மேலே கட்டுகிற துணியை அவர்தான் கட்டிவிடுவார். ஈரத்துணியால் சுற்றிலும் துடைத்துவிடுவார். கொசுவத்தியைக்கூட வீட்டை விட்டே ஓட்டியாயிற்று. எதையும் மூடாதே, அடைக்காதே, ஈரம் போக விடாதே, என்று ஒரு துளையை இத்தனை மாசமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன், இன்னொரு துளையில் பன்னீர்ச் சந்தனத்தை அப்பி வைத்தேனே! கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த இங்கிலீஷ் எழுத்தை அவர் படித்தது எல்லாம் முடிந்த பிறகு. இந்தத் துளையை மூடாதீர்கள் என்று போட்டிருந்தது. தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அதில் தன் குரலைக் கேட்டுவிட்டு அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கையைத் தட்டிக் கூப்பிடுவாள், ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் சாப்பிட வா, நிறுத்தாமல் தட்டினால் மாசிலாமணி ஏதோ தப்பு செய்திருக்கிறார். மற்றதெல்லாம் வாட்ஸ்அப். பக்கத்து அறையிலிருந்தே அனுப்புவாள். முதலில் அதைப் படிக்கும்போதெல்லாம் அவள் குரலிலேயே காதில் விழும். 'பால் பொங்குது பாருங்க' என்று எழுத்தாக வந்தாலும் அவள் இழுக்கிற இழுப்போடு விழும். கொஞ்ச நாளாக அப்படி விழவில்லை. யாரோ படிக்கிற மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு நாள், அது யார் குரல் என்று கூர்ந்து கவனித்தார், அவருடைய குரலேதான். அவள் எழுதுவதை அவர் குரலில் அவருக்கே படித்துக்கொண்டிருக்கிறார். பரவாயில்லை, டிஸ்க்கில் இருக்கிறது, ஒருநாள் உட்கார்ந்து ஆசைதீரக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தைரியத்தில்தானோ என்னவோ அத்தனை மரியாதையாகப் பொட்டு வைத்தார்.

கதவு திறந்தது. மாசிலாமணி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. ஜெசிமா மூக்குக் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதிலிருந்து நீளமான வயர் ஒன்று கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. "உக்காருங்கய்யா. உள்ள தட்டு மேல ஊசி மாதிரி ஒண்ணு ஓடும், அதுதான் படிக்கறது. அது உரசிப் போயிருந்துச்சு. அதே மாதிரி டிஸ்க்கு ஒண்ணுலேருந்து வேற ஊசி மாத்திருக்கேன். படிக்குது. ஆனா தட்டுல கீறல் இருக்கு, எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. எல்லாத்தையும் எடுக்கற வரைக்கும் தாங்காது. அதான் உங்களக் கூப்ட்டேன், எது முக்கியமோ அத மொதல்ல எடுத்துருவோம்." திரையில் மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள். பொருளாதாரம். வரலாறு. அரசியலமைப்பு. கல்வி உளவியல். எல்லாம் அவள் வைத்த பெயர்கள், ஒவ்வொன்றையும் வேர்வையோடு கேட்டவை. கடைசியில் ஒன்று, 'கழிவு'. "இதுதான் இருக்கறதுலயே பெருசு" என்றாள் ஜெசிமா. "பேரே கழிவுன்னு போட்ருக்காங்க, இத விட்ருவமா?" "அத விட்ருங்கம்மா" என்றார் மாசிலாமணி அவசரமாக. "பாடத்த எடுங்க. பொருளாதாரத்துலேருந்து ஆரம்பிங்க." "எதுக்கும் அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கங்கய்யா. போனா வராது" என்று சொல்லிவிட்டு, எதையோ தட்டி ஓடவிட்டு உள்ளே போனாள். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்ந்தது.

அம்மாவை எப்படிக் கேட்பது? அம்மாவிடம் இன்னும் சொல்லவே இல்லையே. செண்பகவல்லி இன்று சாயங்காலம் பஸ் ஏறுகிறாள். வந்ததும் கை கால் கழுவிவிட்டு அந்த அறைக்குத்தான் போவாள். வெறும் ஸ்டாண்டைப் பார்ப்பாள். கையை நிறுத்தாமல் தட்டுவாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வார், கோபத்தை எழுத்தில் அடித்து அனுப்புவாளே, அதற்குத்தான் பயம். திட்டுகிற முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டு போனில் தட்டிக்கொண்டிருப்பாள், அவர் குற்றவாளி மாதிரி அடிக்கிற வரைக்கும் எதிரே நின்றுகொண்டிருக்க வேண்டும். பொய் சொல்லலாம். பல்லி விழுந்தது என்று சொல்லலாம், மின்சாரம் ஏறி இறங்கியது என்று சொல்லலாம். அவள் நம்பமாட்டாள், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும், இந்தப் பெண்ணுக்கே தெரிந்துவிட்டதே. மாசிலாமணி செல்போனை எடுத்து ஒற்றை விரலால் அடித்தார். 'வல்லி'. அனுப்பினார். அடுத்து, 'உன் ஹார்டு டிஸ்க்குக்குப் பொட்டு வெச்சேன்'. அனுப்பினார். 'அது கெட்டுப் போச்சு. உன் கொரலெல்லாம் போச்சு. என்ன மன்னிச்சிரு. ரிப்பேர் கடைல இருக்கேன். எந்தப் பாடத்த மொதல்ல எடுக்கணும்னு சொல்லு.' இரண்டு டிக்கும் நீலமாக மாறின. பார்த்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள். நின்றது. எழுதி அழிக்கிறாளா? அழுகிறாளா? அழுதால் அவளுக்குச் சளி கட்டும், தங்கைக்குத் துடைத்துவிடத் தெரியுமா, துணியை மாற்றத் தெரியுமா? சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். எதிலும் அவசரம். கீழே யாரோ ஆட்டோவின் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள், தலைக்கு மேலே டக், டக், திரையில் பச்சைக் கோடு அரை விரல்கூட நகர்ந்திருக்கவில்லை. கையில் போன் அதிர்ந்தது.

'இதுக்குத்தான் நாலு நாளா நான் அனுப்பறதுக்குப் பதில் போடலயா? எனக்கு என்னமோ ஏதோன்னு இருந்துச்சு' என்று ஆரம்பித்திருந்தாள். 'பாடமெல்லாம் பிள்ளைங்ககிட்ட இருக்கு. காலேஜ் லைப்ரரில ஒரு செட் இருக்கு. போனா அங்கேருந்து எடுத்துக்கலாம். அதுக்கா இப்படிப் பதறுறீங்க?' மாசிலாமணி அதை இரண்டு தரம் படித்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அட, இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. அவர் யாரையும் கொல்லவில்லை. சிரிப்புக்கூட வந்தது, சட்டைப்பையிலிருந்த அரிசிமணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். போன் மறுபடி அதிர்ந்தது. 'அந்த டிஸ்க்குல மட்டும் இருந்தது கழிவுதான். வாசிக்கறப்ப தப்பு விட்டது, வெட்டிப் போட்டது. பாடம் எதுவும் அதோட சேந்து போயிருமோன்னு தூக்கிப் போடாம வெச்சிருந்தேன். நான் இருமுறது, பால்காரன் மணி, நீங்க குறுக்க வந்து ஏதாவது கேக்கறது, நான் உங்களத் திட்டறது. ஏழெட்டு வருசக் குப்ப. அழிக்கணும் அழிக்கணும்னு இருந்தேன், நல்லதாப் போச்சு. வர்றப்ப கால் கிலோ இஞ்சி வாங்கிட்டு வாங்க.'

இஞ்சி என்று மனசில் ஒரு பக்கம் குறித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் ஏதோ இடறியது. நான் உங்களத் திட்டறது. நிம்மதியாக இருக்க வேண்டிய நேரம், ஏன் இப்படிக் காது அடைக்கிறது? பிள்ளைகளிடம் இருப்பது டீச்சர் குரல். சுத்தமாக, இழுப்பில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி, முகம் தெரியாத யாருக்கோ எடுத்துச் சொல்கிற குரல். அதில் ஒரு 'ஏங்க' கிடையாது. வெட்டி எடுத்துவிடுவாள். அவர் குறுக்கே போன இடத்தையெல்லாம், சாவி எங்கே என்று கேட்டதை, மாத்திரை போட்டாச்சா என்று எட்டிப் பார்த்ததை, அதற்கு அவள் சலித்துக்கொண்டதை, சிரித்ததை, கத்திரி போட்டு எடுத்து ஒரு மூலையில் குவித்து வைத்திருக்கிறாள். எனக்கென்று ஒரு வார்த்தை பேசி வைக்கவில்லையே என்று இத்தனை மாசமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோமே! இருக்கிறதிலேயே பெரிசு என்று அந்தப் பெண் சொன்னாளே. அதை விட்ருங்கம்மா என்று இந்த வாயாலேயே சொன்னோமே. பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது, ஊரெல்லாம் கிடைக்கிற பொருளாதாரத்தை அந்தத் தேய்ந்த ஊசி முக்கி முனகி வழித்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி கண்ணாடிக் கதவை உள்ளங்கையால் நிறுத்தாமல் தட்டினார். தட்டும்போதே, செண்பகவல்லி தட்டுகிற மாதிரி தட்டுகிறோம் என்று தோன்றியது.

"என்னய்யா, என்ன ஆச்சு?" "நிறுத்துங்கம்மா. அத நிறுத்துங்க. கழிவ எடுங்க." "கழிவுன்னு..." "அதுதான் வேணும். அது மட்டும் போதும். பாடமெல்லாம் வேற எடத்துல இருக்காம்." ஜெசிமா அவர் முகத்தைப் பார்த்தாள். லேப்டாப்பிடம் வந்து ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். நிறுத்திய உடனே திறந்திருந்த கதவு வழியாக, உள்ளேயிருந்து அந்தக் கீறல் ஓசை ஒரு தரம் கேட்டது. இருவரும் அசையாமல் நின்றார்கள். மறுபடி சுற்றுகிற ஓசை வந்தது. அவள் மெல்ல 'கழிவு' என்பதன் மேல் வைத்துத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் நடக்கவில்லை. ஊசி தேடுது என்றாள் தணிந்த குரலில். மாசிலாமணிக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, சந்தனம் வாங்கிக்கொண்ட சாமியைக் கூப்பிட முகமில்லை. வந்துரு, வந்துரு, இனிமேல் ஜென்மத்துக்கும் உன் ரூம் பக்கம் வரமாட்டேன், செருப்பை இழுத்து நடக்கமாட்டேன், சாவியை நானே தேடிக்கொள்கிறேன் என்று என்னென்னவோ வேண்டிக்கொண்டார். பிறகு, சாவியைக் கேட்டதால்தானே திட்டினாள், திட்டியதால்தானே இருக்கிறது என்று அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கினார். திரையில் ஒரு வரி விழுந்தது. இன்னொன்று. கொஞ்சம் விட்டு, நாலைந்து. பிறகு நின்றுவிட்டது. உள்ளே சுற்றுகிற ஓசையும் நின்றது.

ஜெசிமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "அவ்வளவுதான்யா. இனிமே அது ஓடாது. வந்தது கொஞ்சந்தான், கையளவு. நல்லா இருக்கான்னு ஒண்ணு போட்டுப் பாத்துருவோம்." மாசிலாமணி தலையாட்டினார். இத்தனை மாசம் கேட்காத குரலைப் பெயர் தெரியாத ஒரு கடையில் கேட்கப்போகிறோம், அடையாளம் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று புதிதாக ஒரு பயம் வந்தது. ஜெசிமா எதையோ தட்டினாள். முதலில் வெறும் இரைச்சல். காகிதம் புரள்கிற ஓசை. பிறகு செண்பகவல்லி, இங்கே பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல, "தேவை அதிகரிக்கும்போது விலையானது" என்று டீச்சர் குரலில் தொடங்கி, நிறுத்தி, மூச்சை விட்டு, பின்பக்கம் திரும்பி, அந்தப் பழைய இழுப்போடு சொன்னாள்.

"ஏங்க... அந்த ஃபேன அணைங்களேன். எத்தன தடவதான் சொல்றது உங்களுக்கு?"

மாசிலாமணி எழுந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். தலைக்கு மேலே டக், டக் என்பது மெதுவாகி நின்றது. ஜெசிமா நிமிர்ந்து ஃபேனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் செருப்பை இழுக்காமல் நடந்து வந்து உட்கார்ந்து, வேர்வையைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல், செண்பகவல்லி அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.